கப்சாய் ரயிலும் கடைசி ரீலும்

பழைய படத்தை நாடகமாக்கி மேடையேற்றப் போகிறேன் என்று எவனாவது உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், கேட்டைத் திறக்காதீர்கள். நாய் இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். இரக்கமே வேண்டாம். பொறாமையில் சொல்லவில்லை, ஒரு காலத்தில் மலேசியாவின் ஈப்போ நகர் முழுக்க வாசல் வாசலாகப் போய் நின்றவன் நான்தான். அன்றைக்கு ஒரு வீட்டு நாயாவது தன் கடமையைச் செய்திருந்தால், இன்றைக்கு என் சொந்தக்காரர்கள் என்னைப் 'பாதிப்படம்' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அப்போது எனக்கு முப்பதை நெருங்குகிற வயது. அப்பச்சிக்கு ஈப்போ டவுனில் இரும்புக் கடை. (எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் அப்பாவை அப்பச்சி என்போம். அவரைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் அழைப்பீர்கள், வேறு எதுவும் வாயில் வராது.) நான் அந்தக் கடையில் ஆணி நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ஆணி நிறுப்பவனாக நான் என்னை ஒரு நாளும் நினைத்ததில்லை. கொளுத்துகிற வெயிலில் முழுக்கை ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை, கண்ணில் இந்தச் சமுதாயத்தின் மேல் ஒரு கோபம். பைக்குள் ஒன்றும் கிடையாது, மத்தியானச் சோற்று டப்பா மட்டும்தான். வானொலியில் என் கால்மணி நேர நாடகம் ஒன்று ஒலிபரப்பாகியிருந்தது. ஆன்மீகச் சொற்பொழிவு செய்ய வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் கிடைத்த வாய்ப்பு அது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குப் பிடித்த படம் ஒன்று இருந்தது. பெயரை எழுத மாட்டேன். அந்தப் படத்தை எடுத்தவர்களின் பிள்ளைகள் எங்காவது நிம்மதியாக இருப்பார்கள், அவர்களை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? கறுப்பு வெள்ளைப் படம். ரயில்வே கேட் காவலாளி ஒருவன். செய்யாத திருட்டுக்கு ஜெயிலுக்குப் போகிறான். அவன் மனைவி தினமும் அவனுடைய அரிக்கேன் விளக்கைத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறாள். அவன் திரும்பி வருகிறான், இருவரும் சேர்ந்து விளக்கை ஏற்றுகிறார்கள். அதோடு முடிந்திருந்தால் அது சாதாரணப் படம். முடியவில்லை. கடைசி ரீலில் பாலம் உடைகிறது. அவன் சிவப்பு விளக்கோடு ஓடி ரயிலை நிறுத்துகிறான். ரயில் நிற்கிறது, அவன் மேல் மோதிவிட்டு நிற்கிறது.

அந்தக் கடைசி ரீலுக்காகத்தான் நான் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீடியோ கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். 'தமிழனுக்கு அழுகையின் அழகு தெரியாது' என்று அடிக்கடி சொல்வேன். (அடிக்கடி என்றால், ஆணி வாங்க வந்தவரிடம் கூட.)

இந்தப் படத்தை வானொலி நாடகமாக எழுதித் தலைநகரில் தயாரிப்பாளராக இருந்த இந்திராணி அம்மையாருக்கு அனுப்பினேன். அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"ஸ்டூடியோல வெச்சு எடுத்தா செத்த மாதிரி இருக்கும் மெய்யப்பன். எங்கயாச்சும் மேடையில போடுங்க. ஆளுங்க சத்தத்தோட ரெக்கார்ட் பண்ணுறேன். நல்லா வந்துச்சுன்னா வாரம் ஒரு பழைய படம், நீங்களே எழுதுங்க."

நான் துள்ளிக் குதித்த குதியில் அப்பச்சி கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தம்மா வேல குடுத்தா நீ கடைக்கு வர வேண்டாம். எங்க வேணாலும் போய் எழுது. குடுக்கலைன்னா அந்தப் பையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு ஒழுங்கா கடையப் பாரு. அப்பறம் நாடகம், படம்னு வாயத் தொறக்கப்படாது."

ஆக, அந்த ஒரு நாடகத்தில் என் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கவிட்டவர் அப்பச்சி. அறுக்கப் பார்த்தவன் நான்.

மேடைக்கும் கூட்டத்துக்கும் எங்கே போவது? வாசல் வாசலாக ஏறி இறங்கியபோது மாட்டியவர் வேலாயுதம் அண்ணன். மூணாம்பாலம் தோட்டத்து முன்னாள் மக்கள் சங்கத்தின் தலைவர். ஆயர் தாவார் பக்கம் இருந்த ரப்பர்த் தோட்டம் அது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டதும் லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு ஆட்கள் பாதிக்கு மேல் ஈப்போவுக்கு வந்துவிட்டார்கள். வேலாயுதம் அண்ணன் புந்தோங்கில் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஒரு மண்டபத்தில் கூடி, கறிச்சோறு சாப்பிட்டு, அதிர்ஷ்டக் குலுக்கலில் யாருக்கோ சோறாக்கும் பாத்திரம் விழுவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டுக் கலைவார்கள். நான் படத்தின் பெயரைச் சொன்னதும் அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அலாமாக்! ரயில்காரர் படமா? தம்பி, எங்க தோட்டத்துல அந்தப் படம் மனப்பாடமா தெரியாத ஆளே கெடையாது லா. வருஷா வருஷம் தீவாளிக்கு பாடாங் மைதானத்துல தெர கட்டிப் போடுவாங்க. போடு தம்பி! கறிச்சோறு நம்ம பொறுப்பு."

மனப்பாடமாகத் தெரிந்த கூட்டம்! எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவர்களுக்கு எது மனப்பாடம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மேதைகள் கேள்வி கேட்பதில்லை.

நடிகர்களைச் சங்கமே கொடுத்தது. கதாநாயகன் சேகர். தாப்பாவிலிருந்து மலைக்குப் பஸ் ஓட்டுபவன், நல்ல உயரம், கணீர் குரல். ஒரே குறை, உணர்ச்சி வந்தால் இரண்டு கையும் தானாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளும். சோகக் காட்சியில் இடது பக்கம் சாய்வான். கதாநாயகி தேவி. தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையில் தாதி. (ஈப்போக்காரர்களுக்கு அந்த ஊர்ப் பெயரே ஒரு வசவு. 'உன்னை அங்கதான் அனுப்பணும்' என்போம், மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால். நான் அங்கே போகவில்லை. அங்கிருந்து ஆள் என்னிடம் வந்தது.)

ஒத்திகையின் முதல் வாரத்திலேயே தேவி என்னை எச்சரித்தாள். அதை நான் மறைக்கப் போவதில்லை. மறைத்தாலும் அவள் விடமாட்டாள்.

"சார், எங்கம்மா இந்தப் படத்துக் கதைய நூறு தடவ சொல்லியிருக்காங்க. இதுல யாரும் சாக மாட்டாங்களே."

"உங்கம்மா தூங்கியிருப்பாங்க" என்றேன்.

"எங்கம்மா படம் பாக்கறப்ப தூங்கற ஆள் இல்ல சார்."

"தேவி, வெகுஜன ரசனை வேறு, கலை வேறு. மக்கள் தங்களுக்குப் பிடிக்காததை மறந்துவிடுவார்கள். நினைவூட்டுவது கலைஞன் கடமை." அச்சில் வரவேண்டிய தமிழில்தான் அப்போது பேசுவேன்.

அவள் வசனத் தாளை மடித்துப் பையில் வைத்தாள். "எங்க வார்டுல கூட இவ்வளவு பிடிவாதம் பாத்ததில்ல சார்" என்றாள். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சிக்கல் ரயில். அட்டையில் செய்தால் சிரிப்பார்கள். வேலாயுதம் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. அவரிடம் ஒரு பழைய கப்சாய் இருந்தது. கப்சாய் என்றால் இங்கே மீன் விற்பவர் முதல் வாத்தியார் வரை ஓட்டுகிற சின்ன மோட்டார் சைக்கிள். அதைப் பின்திரைக்கு அந்தப்புறம் நிறுத்தி, முகப்பு விளக்கைப் போட்டு, மெதுவாகத் திரையை நோக்கி உருட்டிக்கொண்டு வந்தால் இருட்டிலிருந்து ரயில் வருவது போலவே இருக்கும். பிரமாதமான யோசனை. ஒத்திகை அறை மாடியில் இருந்ததால் கப்சாயை ஏற்ற முடியவில்லை. அதனால் ரயிலாக நடிக்கவிருந்த வேலாயுதம் அண்ணன் கடைசிக் காட்சியின் ஒத்திகைக்கு வரவேயில்லை. 'மேடையில் தகரச் சத்தம் கேட்டதும் கிளம்புங்க, தேவி அலறினதும் நிறுத்துங்க' என்று மட்டும் சொல்லிவைத்தேன். ரயில் எதற்கு வருகிறது என்று அவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் கைவண்ணம் இதோடு நிற்கவில்லை. நாடகம் மேடைக்கும் வேண்டும், வானொலிக்கும் வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். வானொலி கேட்பவருக்குக் கண் கிடையாதே என்று, நடப்பதையெல்லாம் வசனத்தில் எழுதிவிட்டேன். சேகர் வெறுமனே விளக்கை மாட்ட முடியாது. 'இதோ, என் வலது கையால் இந்த அரிக்கேன் விளக்கை எடுத்து, இடப்பக்கச் சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டுகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். (ஆணி உபயம்: எங்கள் கடை.)

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானமே மண்டபம் நிறைந்துவிட்டது. பின்கட்டில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. இந்திராணி அம்மையார் முன்வரிசை ஓரத்தில் கருவிகளைப் பரப்பி, காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார். நான் மேடையின் பக்கவாட்டில் சத்த மேசைக்குப் பின்னால் நின்றேன். இடிச் சத்தத்துக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஆட்ட வேண்டிய பெரிய தகரத் தாள் ஒன்று மேசையில் சாய்ந்திருந்தது. அதுவும் கடைச் சரக்குதான்.

வந்த பெண்கள் பலர் கையில் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலம் இருந்தது. கடலைக்குப் பேர்போன புந்தோங் ஆட்களாயிற்றே, கச்சான் பூத்தே பொட்டலம் இல்லாமல் வருவார்களா என்று பல்லைக் கடித்தேன். கதாநாயகன் உயிரை விடும்போது இவர்கள் கடலை கொறிக்கப் போகிறார்கள் என்று எண்ணி அவர்கள் மேல் ஆழ்ந்த பரிதாபம் கொண்டேன். ஜிப்பாவுக்குள் வியர்வை ஆறாக ஓட, பிறரைப் பார்த்துப் பரிதாபப்பட்டவன் நான்.

திரை விலகியது. சேகர் வந்தான். வலது கை, அரிக்கேன் விளக்கு, இடப்பக்கச் சுவர் எல்லாம் சொன்னான்.

"தெரியுது லா! கண்ணு இருக்கு எங்களுக்கு! மாட்டு!" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. தேவி "இதோ குடத்தை இடுப்பில் வைக்கிறேன்" என்றால், "வெச்சாச்சு!" என்று பத்துப் பேர் சாட்சி சொன்னார்கள். சேகர் ஓரிடத்தில் வசனத்தை மறந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபோது, படத்தில் உள்ள வசனத்தைக் கூட்டம் முழுக்கச் சேர்ந்து எடுத்துக் கொடுத்தது. நான் மாற்றி எழுதியிருந்த நல்ல வசனத்தை ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் இந்திராணி அம்மையார் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். மக்கள் சத்தம் நன்றாக வருகிறதாம்.

ஜெயில் காட்சி முடிந்தது. சேகர் தாடியோடு திரும்பி வந்தான். தேவி விளக்கை நீட்டினாள். இருவரும் சேர்ந்து ஏற்றினார்கள்.

அவ்வளவுதான். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். காகிதப் பொட்டலங்கள் பிரிந்தன. அதில் இருந்தது கடலை இல்லை, மஞ்சள் அரிசி. மேடையை நோக்கி மழையாகக் கொட்டியது. சேகரின் தாடியில், தேவியின் கொண்டையில், என் தகரத்தில் படபடவென்று விழுந்தது. 'நல்லா இருக்கணும் சாமி' என்று ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். பின்வரிசைக்காரர்கள் நாற்காலியை மடக்கவே தொடங்கிவிட்டார்கள். இரண்டு பேர் வாழை இலைக் கட்டைப் பிரித்தார்கள். இந்திராணி அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டே கருவியை நிறுத்தப் போனார்.

அந்த நொடியில் நான் கும்பிட்டுவிட்டு இறங்கியிருக்க வேண்டும். வாரா வாரம் நாடகம் என் கையில் விழுந்துவிட்டது, எடுத்துப் பையில் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கடைசி ரீல்! என் உயிருக்கு உயிரான கடைசி ரீல்!

மேடைக்குப் பாய்ந்தேன். "உட்காருங்கள்! இன்னும் முடியவில்லை!"

"முடிஞ்சிருச்சு தம்பி" என்றார் அந்த முன்வரிசைக்காரர், குழந்தையிடம் சொல்வது போல. "நாங்க பாத்த படம்தான? வாங்க, மொதல்ல மக்கான், சோறு ஆறிடும்."

"முடியவில்லை என்கிறேன்! இனிமேல்தான் கலையே இருக்கிறது! அம்மா, நிறுத்தாதீர்கள், பதிவு செய்யுங்கள்!"

அவர்கள் நல்லவர்கள். ஏதோ கல்யாணக் காட்சி, பிள்ளை பிறக்கிற காட்சி என்று சங்கம் சேர்த்துப் போட்டிருக்கும் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டே மறுபடி உட்கார்ந்தார்கள். தேவி என் பக்கம் வந்து, "வேணாம் சார். அவங்க மொகத்தப் பாருங்க சார்" என்றாள். நான் பார்க்கவில்லை. தகரத்தை எடுத்தேன்.

பாலம் உடைந்தது. என் தகரம் முழங்கியது. சேகர் "இதோ சிவப்பு விளக்கை என் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடுகிறேன்" என்று ஓடினான். இந்த முறை யாரும் பதில் சொல்லவில்லை. பின்திரையில் வெளிச்சம் தெரிந்தது. கப்சாய் உறுமியது. ரயில் வந்துகொண்டிருந்தது.

சேகர் விழுந்தான். தேவி தயங்கினாள், பிறகு, எழுதிக் கொடுத்த பாவத்துக்குச் சொன்னாள். "ஐயோ! உங்கள் தலையிலிருந்து சிவப்பு நிற ரத்தம் வலது காதின் வழியாக வழிகிறதே! உங்கள் மூச்சும் நின்றுவிட்டதே!"

கப்சாய் அணைந்தது. பின்திரையை விலக்கிக்கொண்டு, ஹெல்மெட்டோடு, ரயில் உள்ளே வந்தது.

"யாருடா என் வண்டியில செத்தது?" என்றார் வேலாயுதம் அண்ணன்.

கீழே கிடந்த சேகரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான் மோதல! எல்லாரும் பாத்துக்கோங்க, நான் மோதல! முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன், ஒரு கோழிய அடிச்சதில்ல. டேய் சேகரு, நீ எதுக்குடா நடுவுல வந்து படுத்த?"

"அண்ணே, நீங்கதான் என்னைக் கொல்ற ரயில்" என்றான் பிணம்.

"நானா? ரயில் வருதுன்னா ஜோடி ஏறி ஊருக்குப் போவுதுன்னுல்ல லா நெனச்சேன்! அதுக்காக வண்டியெல்லாம் கழுவிக்கிட்டு வந்தேன்!" என்று கத்திவிட்டு, என் பக்கம் திரும்பினார். "தம்பி, என்னைக் கொலகாரனாக்கிட்டியே!"

மண்டபம் கொதித்தது. 'படத்த மாத்திட்டான்', 'டவுன்காரன் வேலைய காட்டிட்டான்', 'யாரக் கேட்டுக் கொன்ன?' என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். (அனுமதி இலவசம்.) நான் மைக்கைப் பிடித்து, "இதுதான் உண்மையான முடிவு! படத்தில் அவன் சாகிறான்! நீங்கள் பார்த்தது பாதிப் படம்!" என்று அலறினேன்.

அப்போதுதான் தேவியின் அம்மா அஞ்சலை மேடை ஏறினார். பால்மரம் சீவிக் காய்த்த கை, அந்தக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"பாதிப் படம்தான். யாரு இல்லன்னா? பத்து மணியானா கணக்கெழுதுற கிராணி ஜெனரேட்டர நிறுத்திருவாரு. விடியறதுக்கு முன்ன பெரட்டுக்கு நிக்கணும்ல, பேரு கூப்பிடறப்ப ஆளு இல்லன்னா அன்னைக்கு வேல கெடையாது. வெளக்கு ஏத்துற எடத்துல கரெக்டா படம் நின்னுரும். வருஷா வருஷம் அங்கதான். அதுக்கு மேல என்னாச்சுன்னு யாரும் எங்களுக்குச் சொல்லல. நல்லா இருப்பாங்கன்னு நாங்களே மஞ்ச அரிசியப் போட்டுட்டு எந்திரிச்சிருவோம். மறுநா காலையில மரத்துக்குப் போறப்ப அந்த ரெண்டு பேரையும் பத்தித்தான் பேசிக்கிட்டுப் போவோம், இந்நேரம் பிள்ள பொறந்திருக்கும், வீடு கட்டியிருப்பாங்கன்னு. நீ யாரு தம்பி, இத்தன வருஷம் கழிச்சு வந்து அந்த ஆளக் கொல்றதுக்கு?"

ஈப்போ டவுனில் தியேட்டரில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, முடிவு வரை பார்த்து, ஐஸ்கிரீம் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. படம் பாதியில் நிற்கும் என்பதே எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் வெட்கம் வந்தது. உண்மையாகவே வந்தது. வந்த வெட்கத்தை அங்கேயே விழுங்கியிருந்தால் மனிதன். நான் எழுத்தாளனாயிற்றே!

"உங்களுக்குக் கலை என்றால் என்னவென்று தெரியுமா?" என்றேன்.

அஞ்சலை என்னை விட்டுவிட்டுச் சேகரிடம் போனார். "எந்திரிடா" என்றார். பிணம் எழுந்து நின்றது. "வெளக்கப் புடி ரெண்டு பேரும்." பிடித்தார்கள். பொட்டலங்களின் அடியில் மிச்சமிருந்த மஞ்சள் அரிசி இரண்டாம் முறையாகப் பறந்தது, முதல் முறையைவிடக் கோபமாக. பாதி அவர்கள் மேலும் பாதி என் மேலும் விழுந்தது. என் மேல் விழுந்தது வாழ்த்து இல்லை.

தேவி விளக்குப் பலகை அருகே நின்றவரைப் பார்த்துச் சொன்னாள்: "பெரட்டுக்கு நேரமாச்சு. வெளக்க அணைங்கண்ணே!"

மண்டபம் இருண்டது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்த இருட்டில் நான் மட்டும், "அழுகையின் அழகு! அழுகையின் அழகு தெரியாத..." என்று முழங்கிக்கொண்டே ஓரடி முன்னால் வைத்தேன். மேடை அங்கே முடிந்திருந்தது. போகிற போக்கில் தகரத்தைப் பிடித்தேன். அதுவும் என்னோடு வந்தது. அன்றைய நாடகத்திலேயே மிகச் சிறந்த ரயில் விபத்துச் சத்தம் அதுதான். இந்திராணி அம்மையார் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

வெளிச்சம் வந்தபோது, கணுக்கால் வீங்கி, ஜிப்பா கிழிந்து, தலையெல்லாம் மஞ்சள் அரிசியோடு முன்வரிசைக் காலடியில் கிடந்தேன். தாதிக்குரிய அலட்சியத்தோடு தேவிதான் வந்து காலை அழுத்திப் பார்த்தாள். "ஒடையல சார். வலது காதுல ரத்தம் எதுவும் வழியல" என்றாள். வேலாயுதம் அண்ணன் ஒரு தட்டில் கறிச்சோறு கொண்டுவந்து கையில் கொடுத்தார். "தின்னு தம்பி. கொன்ன அலுப்பு இருக்கும்" என்றார்.

ஒலிபரப்பு நாளன்று அப்பச்சி, பெரியப்பச்சி, ஆத்தா, கடைச் சிப்பந்திகள் எல்லாரும் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நாடகம் நடந்தது எப்படி என்று நான் வீட்டில் மூச்சு விடவில்லை. காலுக்கு, படியில் விழுந்தேன் என்று சொல்லிவைத்திருந்தேன். என் தகர விபத்து நாடு முழுக்கக் கேட்கப் போகிறதே என்று, சட்டென அணைக்க வசதியாக வானொலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். கூட்டம் சிரித்தது, வசனம் எடுத்துக் கொடுத்தது, அப்பச்சி கூட ஒருமுறை உதட்டோரம் சிரித்தார். விளக்கு ஏற்றினார்கள். குலவை. அரிசி விழும் சத்தம். 'நல்லா இருக்கணும் சாமி.' அடுத்து நான் பாய்ந்து வர வேண்டும்.

"செய்திகள்" என்றது வானொலி.

நேரம் முடிந்துவிட்டது. கிராணிக்குப் பெரட்டு, வானொலிக்குச் செய்தி. கடைசி ரீல் அங்கேயும் ஓடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. நல்ல எடத்துல முடிச்சிருக்க" என்றார் அப்பச்சி. என் வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை, அதுவும் நான் எழுதாத முடிவுக்கு.

மறுநாள் இந்திராணி அம்மையார் அழைத்தார். வாரா வாரம் நாடகம் எழுதலாம். ஒரு நிபந்தனை. "கடைசி ரீல் வேணாம் மெய்யப்பன். எந்தப் படமானாலும் சந்தோஷமா இருக்கற எடத்துல நிறுத்திடுங்க. மிச்சத்த எழுதாதீங்க."

அழுகையின் அழகுக்காக உயிரையே கொடுக்கத் தயாராக இருந்த கலைஞன் எவ்வளவு நேரம் யோசித்தான் தெரியுமா? அவர் மூச்சு விட்டு முடிப்பதற்குள் "சரிங்கம்மா" என்றான். அதன்பின் வருஷக்கணக்கில் பழைய படங்களைப் பாதியில் வெட்டியே பிழைத்தேன். தாலி கட்டியதும் நிறுத்தினேன், தாய் கிடைத்ததும் நிறுத்தினேன். ஒரு படத்தில் இடைவேளைக்கு முன்னால் மட்டும்தான் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், அங்கேயே நிறுத்தினேன். 'பாதிப்படம்' என்ற பட்டம் அப்படி வந்ததுதான்.

தேவியைக் கல்யாணம் செய்துகொண்டேன். செட்டியார் வீட்டுப் பிள்ளை தோட்டத்துப் பெண்ணைக் கட்டுவதா என்று அப்பச்சி கொஞ்ச நாள் பேசவில்லை. ஒருநாள் அவள் கடைக்கு வந்து, நான் ஆறு மாதமாகத் தப்பாக நிறுத்துக்கொண்டிருந்த தராசைச் சரிசெய்து கொடுத்தாள். அன்று சாயங்காலமே பேச ஆரம்பித்துவிட்டார், என்னிடம் அல்ல, அவளிடம்.

அஞ்சலை அத்தை இப்போது எங்களோடுதான் இருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை அவர் அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான். "இவருதான் எங்க மாப்புள. ரயில்காரரக் கொன்னவரு." புதிதாக வந்தவர்கள் பயந்து என்னைப் பார்ப்பார்கள். என் மகளின் கல்யாணப் பேச்சுக்கு வந்த சம்பந்தி வீட்டார், விளக்கம் கேட்டு முடியும்வரை காப்பியைத் தொடவில்லை.

போன தீபாவளிக்கு டிவியில் அந்தப் படத்தையே போட்டார்கள். மகள், மருமகன், தேவி, அத்தை, நான் எல்லாரும் பார்த்தோம். சேகரும் வேலாயுதம் அண்ணனும்கூட வந்திருந்தார்கள். விளக்கு ஏற்றும் காட்சி வந்தது. அத்தை மெதுவாக எழுந்து, சாமி அறையிலிருந்து ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து, டிவி மேல் மஞ்சள் அரிசியைத் தூவினார். "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். மகள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

மருமகன் மட்டும் ஒன்றும் புரியாமல் விழித்தான். பாவம், புதியவன். "அதுக்கப்புறம் என்ன மாமா ஆச்சு?" என்று என்னிடம் கேட்டுவிட்டான். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒரே ஆள். ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, "அதாவது தம்பி, பாலம் உடைந்து..." என்று ஆரம்பித்தேன்.

அத்தை கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"மாப்புள, ஒரு தடவ கொன்னது பத்தாதா?"